எருதுமலை இருந்த இடம்

சீன தேசத்தின் வடக்கே, மண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்தில், இலந்தைப்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது, அதற்குக் கிழக்கே கல்பாலம் என்று இன்னோர் ஊர் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் எருதுமலை என்று ஒரு மலை இருந்தது; பனி இன்னும் உருகி முடியாத ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு ஊரும் இருந்தன, மலை மட்டும் இல்லை.

அங்கே ஊர் என்றால் வீடும் வயலும் குரைக்கிற நாயும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அரசாங்கம் என்கிற ஏணியில் ஊர்தான் கடைசிப் படி. அதற்கு ஒரு கமிட்டி உண்டு, கமிட்டி வாசலில் நெட்டுக்குத்தாக மாட்டிய பெயர்ப்பலகை உண்டு, கம்பத்தில் ஒலிபெருக்கி உண்டு, நடுவில் நட்சத்திரம் வைத்த வட்ட முத்திரை உண்டு, கேட்ட படிவத்தையெல்லாம் நிரப்பிக் கொடுக்க ஓர் எழுத்தர் உண்டு. ஊர் எழுதுவதை ஒன்றியம் கூட்டும், ஒன்றியம் கூட்டியதை மாவட்டம் கூட்டும், மாவட்டத்தை மாகாணம் கூட்டும், எல்லாவற்றையும் கூட்டித் தலைநகரத்தில் வாசித்து, பரவாயில்லை, போன வருடத்தைவிட இந்த வருடம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று கை தட்டுவார்கள். இத்தனை பேரில் ஒருவரும் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்க்க எங்கே நேரம்? கூட்டவே நேரம் போதவில்லை.

இலந்தைப்பள்ளத்தின் எழுத்தர் மியாவ் ருய்லியன் என்கிற ஐம்பத்து நாலு வயதுப் பெண். முப்பது வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து, மேலே இருப்பவர்கள் எதைக் கேட்டார்களோ அதை எழுதிக் கொடுத்தாள். மரம் நட்டீர்களா என்று கேட்டார்கள். எருதுமலையில் நாற்பதாயிரம் பைன் மரம் என்று எழுதினாள். எருதுமலையில் முள்ளும் வெள்ளாடும் தவிர வேறொன்றும் வளர்ந்ததில்லை. பன்றி எத்தனை என்று கேட்டார்கள். கேட்டவர் முகம் எத்தனைக்கு மலருமோ அத்தனை பன்றி எழுதினாள். அவள் பொய்க்காரி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மாவு வாங்கினால் ஒன்றரைக் கரண்டியாகத் திருப்பிக் கொடுக்கிறவள். வீட்டுக்கு வந்த விருந்தாளி பசியோடு இருந்தும் "சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி மரியாதை இது என்று நினைத்திருந்தாள். ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. தேசத்தில் எல்லா ஊர் எழுத்தரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அவள் புருஷன் ஹாவ் சாங்லின் கிணறு வெட்டுகிறவன். நெஞ்சில் மண்தூசி அடைத்து ஒன்பது வருடத்துக்கு முன் செத்துப்போனான். எருதுமலையின் மேற்குச் சரிவில், ஊரைப் பார்த்த மாதிரி, அவனைப் புதைத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே குழி; இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். கல்லில் இரண்டு பேர் பெயரும் ஒரே நாளில் வெட்டிவிடுவார்கள். செத்தவர் பெயருக்குக் கறுப்பு மை, இருப்பவர் பெயருக்குச் சிவப்பு மை. சிவப்பு சீக்கிரம் வெளுத்துப்போகும் என்பதால் ருய்லியன் வருடா வருடம் ஒரு சின்ன டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் பெயருக்குத் தானே மை பூசிவிட்டு வருவாள். அவளுக்கு அதில் பயமோ துக்கமோ கிடையாது. பேருந்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தவளுக்கு இருக்கும் நிம்மதி அவளுக்கு இருந்தது. பிள்ளைகள் பிறக்கவில்லை, நிலம் பெரிதாக இல்லை, உலகத்தில் அவளுடையது என்று சொல்ல அந்த வலப்பக்கம்தான் இருந்தது.

அந்த வருடம் புத்தாண்டு முடிந்த கையோடு ஒன்றியத்திலிருந்து சிவப்பு எழுத்துத் தலைப்புப் போட்ட சுற்றறிக்கை வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊர்கள் இனி ஊர் ஆகாது, பக்கத்து ஊரோடு சேர வேண்டும். சேரும் ஊர்களுக்கு நடுவே தூரம் இரண்டு லிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு லி என்றால் ஒரு கிலோமீட்டர். இலந்தைப்பள்ளத்துக்கும் கல்பாலத்துக்கும் மலை ஏறி இறங்கினால் ஆறு லி.

கட்சிச் செயலாளர் தியேன், அறுபது வயது, பல்குத்தும் குச்சி ஒன்றை எப்போதும் கடித்துக்கொண்டிருப்பவர், படிவத்தை அவள் மேசையில் போட்டார்.

"சேர முடியாதுன்னு எழுதிடவா, செயலாளரண்ணே?" என்று கேட்டாள் ருய்லியன்.

"சேரலைன்னா நம்மள எங்கயோ தெற்க இருக்கிற ஊரோட கட்டிவிடுவான். சேர்ந்தா தார் ரோடு தர்றான், ஆஸ்பத்திரி தர்றான். ஒன்னுன்னு போடு."

"கல்பாலத்துல என்ன போட்டிருக்காங்க?"

தியேன் கல்பாலத்துத் தலைவர் குவோவுக்கு போன் போட்டுக் கேட்டார். "அரைன்னு போட்டிருக்கானாம்."

"அங்கேர்ந்து இங்க அரை, இங்கேர்ந்து அங்க ஒன்னா? ஒத்துப்போகாதே."

தியேன் குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். "பூஜ்யம்னே போட்டுருவோம். பூஜ்யத்துல எவனும் குறை கண்டுபிடிக்க முடியாது. அவனையும் அதையே போடச் சொல்றேன்."

தூரம் என்ற கட்டத்தில் ருய்லியன் பூஜ்யம் போட்டாள். தியேன் முத்திரையை ஊதி ஊதி அமுக்கினார். கல்பாலத்திலும் அதே நேரத்தில் பூஜ்யம் போட்டு முத்திரை குத்தினார்கள். இதில் தவறு நடக்க என்ன இருக்கிறது? நாற்பதாயிரம் மரம் முளைக்கவில்லை, எழுதிய பன்றி ஒன்றுகூட உறுமவில்லை, முப்பது வருடமாக எழுதியது எதுவும் எழுதியபடி நடந்ததே இல்லை. இது மட்டும் ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு முத்திரை ஒரே பொய்யின் மேல் ஒரே நேரத்தில் விழுந்ததால் என்று சிலர் சொன்னார்கள். அத்தனை விதைத்ததில் ஒன்றாவது முளைக்காதா என்று சிலர் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தத் திங்கட்கிழமை காலை அவர்களுக்கு வேறு வேலை நிறைய இருந்தது.

முதல் வேலை சண்டை விலக்குவது. இலந்தைப்பள்ளத்தின் கடைசி வீடு ருய்லியனுடையது. அவள் சமையலறையின் கிழக்குச் சுவரில் இப்போது கல்பாலத்தின் தலைவர் குவோவின் பன்றிக் கொட்டகை ஒட்டிக்கொண்டு நின்றது, நடுவில் ஒரு விரல் நுழையாது. இரண்டு ஊர் நாய்களும் இரண்டு நாள் விடாமல் கடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் களைத்து, நான்காம் நாள் ஒரே குப்பைமேட்டில் படுத்துக்கிடந்தன. மனிதர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. பன்றிக் கொட்டகைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்று முதல் வாரம் சண்டை, எந்த ஊர்ப் பெயரைப் பலகையில் மேலே எழுதுவது என்று இரண்டாம் வாரம் சண்டை, அப்புறம் சண்டைக்கும் விஷயம் தீர்ந்துபோனது. மலை தாண்டிக் கட்டிக்கொடுத்த பெண்கள் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுது, கஞ்சி பொங்குவதற்குள் திரும்பி வந்தார்கள். மலை மறைத்து வைத்திருந்த வெயில் இப்போது அரை மணி முன்னதாகவே இலந்தைப்பள்ளத்துக்கு வந்தது. வேலை நேரம் கூடியதால் விளைச்சலும் கூடியிருக்குமே என்று ஒன்றியம் உடனே ஒரு படிவம் அனுப்பியது. மலை தடுத்து வைத்திருந்த காற்றும் வந்தது, கல்பாலத்து வீட்டுச் சட்டிகளில் எல்லாம் மேற்கு மண்ணைத் தூவியது. இரண்டு ஊர் ஒலிபெருக்கியும் ஒரே செய்தியை ஒன்றுக்கொன்று அரை மூச்சு பின்தங்கிச் சொன்னதால், எல்லாரும் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டார்கள், கொஞ்ச நாளில் பேசும்போதும் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

மலை எங்கே போனது என்று கேட்டவள் ருய்லியன் ஒருத்திதான். திங்கட்கிழமை காலை வாசலில் வந்து நின்று, மேற்குச் சரிவு இருந்த இடத்தில் பன்றிக் கொட்டகையைப் பார்த்தாள். குவோ அங்கே கையில் வாளியோடு நின்று, புதிதாக முளைத்திருந்த அவள் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது, அகன்ற தோள், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற முகம்.

"எழுத்தரக்காவா? பக்கத்து வீடு ஆயிட்டோம் பாருங்க," என்றார்.

"மலை எங்க?"

"அதுவா?" குவோ திரும்பிப் பார்த்தார், பார்க்க ஒன்றும் இல்லாததால் மறுபடி அவளைப் பார்த்தார். "இப்ப வெளிச்சம் நல்லா வருதுக்கா. நல்லா வருது."

"உங்கப்பாவும் அங்கதான இருந்தாரு?"

குவோவின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வலது கையை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கைதான் எழுதியது. ஒரு சின்ன வட்டம். அவள் அழுதாள், அழுகைக்கு நடுவில் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் புருஷன் செத்த அன்றுகூட இவ்வளவு அழவில்லை. அன்றைக்கு அவளுக்கு அவனை எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தது.

ஏப்ரலில் கல்லறையைக் கூட்டிப் படையல் வைக்கும் நாள் வந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பணமும் பழமும் மதுவும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபிறகுதான் போக இடமில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு. வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் கல்லறைக்கு வர முடியாவிட்டால் நாற்சந்தியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் காகிதத்தை எரிப்பார்கள். வட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள், இடைவெளி கல்லறை இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போக வேண்டியது போக வேண்டியவருக்குப் போகாது. ஆகவே எல்லாரும் தெருவில் வட்டம் போட்டார்கள். திசைக்கு வந்தபோது கை நின்றது. கல்பாலத்துக்காரன் மேற்கே என்றான்; மேற்கே இலந்தைப்பள்ளத்துக் கடை இருந்தது. இலந்தைப்பள்ளத்துக்காரன் கிழக்கே என்றான். கிழக்கே குவோவின் பன்றிகள் இருந்தன. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, இடைவெளியே விடாமல் வட்டத்தை மூடி, அதற்குள் காகிதத்தை எரித்துவிட்டு, பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ருய்லியன் மட்டும் தன் வட்டத்தை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், சுண்ணாம்புக் கட்டி கையில் கரைகிறவரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் ஒன்றியத்துக்குப் போனாள். அங்கே படிவங்களைக் கவனிக்கிறவன் நியே என்கிற இருபத்தாறு வயது அதிகாரி. நல்ல பையன், நாற்காலியை இழுத்துப்போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"தப்பா எழுதிட்டேன், அதிகாரி," என்றாள். "ஆறு லின்னு திருத்தணும்."

"திருத்தலாம் அத்தை, அதுக்கென்ன. எழுதின ஊரோட முத்திரை போட்ட கடிதம் ஒன்னு கொண்டாங்க."

"இலந்தைப்பள்ளம் இப்ப இல்லையே. முத்திரையை நீங்கதான வாங்கி ரெண்டா வெட்டினீங்க?"

"ஆமா, வெட்டினோம்." நியே யோசித்தான். "புது ஊர் முத்திரை போட்டா?"

"அதான் கேக்க வந்தேன்."

"அதுவும் முடியாதத்தை. அது ஒரே ஊரு. ஒரு ஊருக்கும் அதே ஊருக்கும் நடுவுல தூரம் எப்படி எழுதறது?" அவன் குரலைத் தணித்தான். "அதுமட்டுமில்ல. மலை இருந்துச்சுன்னு நாம எழுதினா, இல்லேன்னு அனுப்பினது பொய்னு ஆகும். அதை நாங்க கூட்டிட்டோம், மாவட்டம் கூட்டிருச்சு, மாகாணமும் கூட்டிருச்சு. நீங்கதான் அத்தை அடி. அடியில ஒரு எண்ணை மாத்தினா மேல இருக்கிற அத்தனையும் மாத்தணும். யாரு மாத்துவா?"

அவள் எழுந்தாள். வாசல் வரைக்கும் கூட வந்து வழியனுப்பியவன், "அந்த நாற்பதாயிரம் மரத்தை மட்டும் இந்த வருஷமும் எழுதிடுங்க, அத்தை," என்றான். "மரம் குறைஞ்சா கேள்வி வரும்."

இல்லாத மலைமேல் மரங்கள் இருந்துகொண்டே இருந்தன. அவள்தான் எழுதினாள்.

கோடையில் ஆஸ்பத்திரி வந்தது. இரண்டு அறை, ஒரு நர்ஸ், சுவரில் ஒரு ஆக்சிஜன் உருளை, ஆனால் வந்தது. திறந்து பத்தாம் நாள் ருய்லியனின் ஓரகத்தி லிங்மேயின் ஆறு வயது மகளுக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகி, லிங்மேய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு அறைக்கு ஓடினாள். முன்பென்றால் ஆஸ்பத்திரிக்கு மலை ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். ஏறுவதற்குள் முடிந்திருக்கும், அப்படி முடிந்த பிள்ளைகள் அந்த மலையிலேயே நிறையப் பேர் இருந்தார்கள். இந்தப் பிள்ளை பிழைத்தாள். ருய்லியன் கட்டிலில் கிடந்த அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுளே நல்லவேளை என்று மனதாரச் சொன்னாள். சொல்லும்போதே, எதற்கு நல்லவேளை என்கிறோம் என்பது அவளுக்கு உறுத்தியது.

அறுவடை முடிந்து இலையுதிர்காலத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. புது ஊரில் குவோ தலைவர், தியேன் செயலாளர், எழுத்தர் வேலை ருய்லியனுக்கே; கல்பாலத்து எழுத்தருக்கு முன்னமே கண் மங்கியிருந்தது. தார் ரோடு எந்த வழியாகப் போவது என்று பேசி முடித்ததும், வேறு ஏதாவது உண்டா என்று குவோ சம்பிரதாயத்துக்குக் கேட்டார். எழுதிக்கொண்டிருந்த ருய்லியன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு எருதுமலை வேணும்," என்றாள். "எங்க வீட்டுக்காரர் அங்க இருக்கார். உங்க எல்லாரு வீட்டு ஆளும் அங்க இருக்காங்க. ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டா ஒன்றியம் கேட்டுத்தான் ஆகணும்னு சட்டத்துல இருக்கு. நான் படிச்சுப் பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

"அக்கா, மலை வந்தா எங்க வந்து உக்காரும்?" என்று குவோ மெதுவாகக் கேட்டார். "ஆஸ்பத்திரி மேலயா? ரோட்டு மேலயா? செத்தவங்க செத்துட்டாங்க. இருக்கிறவங்களையும் பாக்கணும்ல?"

"நீங்க சொல்லுங்க, கை தூக்கச் சொல்லுங்க. நான் எண்ணிக்கிறேன்."

வீட்டுக்கு ஒரு கை, மொத்தம் நானூற்று முப்பது வீடு. மலை வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் குவோ. ருய்லியன் தன் கையைத் தூக்கி, தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தாள். வருடா வருடம் அவளோடு மலை ஏறிய பெண்கள் இருந்தார்கள், மகனை அங்கே விட்டவர்கள் இருந்தார்கள், அப்பா அம்மா இருவரையும் ஒரே குழியில் விட்டவர்கள் இருந்தார்கள். லிங்மேய் மகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாதுக்கா," என்றாள், கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு. "முடியாதுக்கா."

"தெரியும்," என்றாள் ருய்லியன்.

கூட்டம் கலைந்தது. தியேன் வழக்கம்போலத் தோளுக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போனார்: "ஏகமனதாக நிராகரிச்சதுன்னு எழுதிடு." எந்தக் கூட்டத்தில் எது நடந்தாலும் ஏகமனதாகத்தான் எழுதுவது, முப்பது வருடத்தில் வேறு வார்த்தை அவள் எழுதியதே இல்லை. தனியாக உட்கார்ந்து நோட்டைப் பார்த்தாள். பிறகு நடந்ததை எழுதினாள். மலை வேண்டும்: ஒன்று. வேண்டாம்: நானூற்று இருபத்தொன்பது. நடந்ததை நடந்தபடி எழுதுவது அவளுக்குப் பழக்கமில்லாததால் எண்களை இரண்டு தரம் சரிபார்த்தாள். மறுநாள் குவோ படிக்காமலே முத்திரை குத்தினார். எழுத்தர் எழுதியதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. கடிதம் ஒன்றியத்துக்குப் போனது, நியே படிக்காமலே கூட்டினான்.

அடுத்த திங்கட்கிழமை காலை தார் ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லியின் நடுவில் எருதுமலையில் நானூற்று முப்பதில் ஒரு பங்கு வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரு சமாதி மேடு, அதைச் சுற்றி இரண்டு பாய் அகலத்துக்குப் புல், ஒரு முள்செடி, ஆட்டுப்புழுக்கை. செய்தி கேட்டு ருய்லியன் ஓடினாள். கையில் மாவோடு, காலில் ஒரு செருப்போடு ஓடினாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, எல்லாருக்கும் அது அவளுடையது என்றுதான் தோன்றியது. கை தூக்கியவள் அவள்தானே. மூச்சு வாங்கக் கல்லின் முன்னால் போய் நின்று, வலப்பக்கத்தில் சிவப்பைத் தேடினாள்.

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. இடப்பக்கத்தில் கறுப்பு மையில் குவோ ஷிதோவ் என்று இருந்தது. தலைவர் குவோவின் அப்பா.

குவோ வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர் கல்லைப் படித்ததும் ஜல்லியில் மண்டியிட்டு, மண்ணில் நெற்றியை மோதி மோதி, "அப்பா, வந்துட்டியா, அப்பா, வந்துட்டியா" என்று அடித்தொண்டையில் கதறினார். நாலு வயதில் அவரை விட்டுவிட்டு அம்மா எங்கேயோ போய்விட்டாள், போன இடம் இன்றுவரை தெரியாது. அப்பன்தான் முதுகில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய் அவரை வளர்த்தான். அந்த அழுகையில் நடிப்பு துளியும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ருய்லியனும் அழுதாள், அவள் எதற்கு அழுகிறாள் என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை.

அன்றைக்கே ரோடு வளைந்தது. ஒன்றியத்திலிருந்து வந்த வரைபடத்தில் நேராக இருந்த கோட்டைக் குவோ பென்சிலால் வளைத்தார், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மேட்டைச் சுற்றிச் சலவைக்கல் விளிம்பு வந்தது, இரண்டு பைன் கன்றுகள் வந்தன; நாற்பதாயிரத்தில் அவைதான் முதல் இரண்டு. ஊரில் இருக்கிற ஒரே சமாதி என்பதால் அடுத்த ஏப்ரலில் எல்லாரும் காகிதத்தை அங்கேயே கொண்டுவந்து எரித்தார்கள், உங்கப்பா எங்க ஆட்களுக்குக் கொடுத்தனுப்பட்டும் என்று குவோவிடம் சொல்லிக்கொண்டு. ருய்லியன் மறுபடி ஊர்க்கூட்டம் கேட்டாள். இன்னும் ஒரு கூட்டம், இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு பங்கு. நானூற்று முப்பது கூட்டத்தில் ஒன்றிலாவது சாங்லின் வரமாட்டானா என்று கணக்குப் போட்டிருந்தாள். எழுத்தரின் கணக்கு என்னவென்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரோட்டில் இனி வளைக்க இடமில்லை என்று கூட்டத்தை மறுத்துவிட்டார்கள்.

ஆனாலும் குவோ நன்றி மறக்கிறவர் இல்லை. தன் அப்பாவைத் தனக்குத் திருப்பிக் கொடுத்தவள் அவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், எப்படியாவது அவளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் யோசித்து, ஒரு நாள் காலை கமிட்டியைக் கூட்டினார். பத்துப் பேர் வந்தார்கள். லிங்மேயும் அந்த வருடம் கமிட்டியில் இருந்தாள். ருய்லியன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுத்தரக்காவுக்கு இடம் இல்லாமப் போச்சு," என்று குவோ ஆரம்பித்தார். "நம்ம எல்லாருக்கும் அது தெரியும். எங்கப்பாவுக்கு வலப்பக்கம் காலியாத்தான் கிடக்கு. எங்கம்மா இனிமே வரப்போறதில்ல. அக்காவுக்கும் ஒரு இடம் ஆச்சு, அவருக்கும் ஒரு துணை ஆச்சு. நான் என் சொந்த அம்மா மாதிரி வருஷா வருஷம் மண்ணு போட்டுப் பாத்துக்கிறேன்."

நல்ல மனசு என்றார் ஒருவர். யாருக்கு வரும் இந்த மனசு என்றார் இன்னொருவர். லிங்மேய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா தனியாக் கிடக்க வேணாம்," என்றாள்.

"எழுது, ருய்லியன்," என்றார் தியேன். "ஏகமனதாக."

ருய்லியன் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கேலிக்கு ஒரு முகம் கிடைக்காதா என்று தேடினாள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை, எல்லாருடைய முகத்திலும் அன்புதான் இருந்தது.

"எனக்குப் புருஷன் இருக்கார்," என்றாள்.

"யார் இல்லேன்னு சொன்னாங்க, அக்கா?" என்றார் குவோ.

"நான் இதை எழுத மாட்டேன்."

பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்து, இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு படிவத்தை, ஒரு வரியை, ஒரு எண்ணை அவள் எழுத மாட்டேன் என்று சொன்னதே இல்லை. தியேன் வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டார். கோபப்படுவார்கள், சத்தம் போடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். சத்தம் போட்டால் பதிலுக்குப் போட அவளிடம் ஒன்பது வருடமும் ஓராண்டும் சேர்த்து வைத்த சத்தம் இருந்தது.

குவோ கோபப்படவில்லை. எழுந்து வந்து, அவள் தோளை லேசாகத் தொட்டார்.

"பரவாயில்லக்கா. உங்க விஷயத்தை நீங்களே எழுத ஒரு மாதிரியாத்தான் இருக்கும். நான் எழுதிக்கிறேன்."

நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பி வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நாக்கு நுனியைப் பல்லில் கடித்து, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, அவள் பெயரை எழுதினார், அப்பாவின் பெயரை எழுதினார், வலப்பக்கம் என்று எழுதினார், ஏகமனதாக என்று எழுதினார். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது, ஆனால் எல்லாம் படிக்கும்படி இருந்தது. பிறகு முத்திரையை எடுத்து, வாயருகே வைத்து நன்றாக ஊதி, அமுக்கினார்.